மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்க

உக்காரு தம்பி. அந்த ஸ்டூலுல வேண்டாம், ஒரு காலு ஆடும். இந்தக் கோதுமை மூட்டை மேலயே உக்காரு, ஒண்ணும் ஆயிராது. இரு, மெசின நிறுத்திட்டு வர்றேன். அது ஓடிக்கிட்டிருந்தா நீ பேசுறது எனக்குக் கேக்காது, நான் பேசுறது தெருவுக்கே கேக்கும்.

ம், இப்பச் சொல்லு. மூணாத்துப்பட்டியில இருந்தா வர்ற? யாரு மகன் நீ? பட்டறை முத்தையா மகனா! அடப்பாவி, உங்கப்பன் எங்கூட அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவன்ல. என் சிலேட்ட ஒடச்சிட்டு வாத்தியார்கிட்ட என்னையவே மாட்டிவிட்ட பய. அப்ப நீ எனக்கு மருமகன் முறை. அத்தைன்னே கூப்பிடு. மேடம் கீடமெல்லாம் இங்க வேண்டாம், இது மாவு மில்லு.

இளைஞர் மன்றத் தலைவரா நீயி? நல்லது. தலைவரு என்ன சோலியா தேனி வரைக்கும் வந்தீரு?

கொண்டா, கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாக்குறேன். "மலைச்சிங்கம் சன்னாசி அவர்கள் நினைவுச் சிலை." சிங்கமா? சரி. "ஏழைகளின் காவலர். பதிமூன்று ஆண்டுகள் காவல்துறைக்குத் தண்ணி காட்டிய தீரர். சூழ்ச்சியால் சிறைப்பட்டு உயிர் நீத்தவர்." இதையா கல்லுல வெட்டப் போறீக?

சூழ்ச்சியால். ஆகா. யாரு சூழ்ச்சின்னு போடலையே தம்பி? கல்லுல எடம் பத்தலையா?

முழிக்காத. எந்தம்பி பரமன்தான உன்னைய அனுப்புனான்? முப்பத்திநாலு வருசமா எம்மூஞ்சியில முழிக்காதவன். எங்கம்மா செத்ததுக்கே பக்கத்து வீட்டுக்காரி மூலமாத்தான் சேதி வந்துச்சு, அதுவும் எடுத்து முடிஞ்ச பிறகு. இப்ப எதுக்கு ஆள் அனுப்புறான்னா, சிலை வைக்கிற எடம் எங்க ரெண்டு பேரு பேர்லயும் இருக்கு. நான் கையெழுத்துப் போடாம ஒரு செங்கல்லு நட முடியாது. நல்லா மாட்டுனீகடா.

போடமாட்டேன்னு சொல்லல. ஆனா அந்தச் சூழ்ச்சியால்ங்கிறத அடி. அடிச்சிட்டு, மகளால்னு எழுது. மகள் அங்குத்தாயால் பிடித்துக் கொடுக்கப்பட்டு. அப்படி எழுதிக் கொண்டா, ரெண்டு கையாலயும் போட்டுத் தர்றேன்.

என்ன, காகிதத்த மடிக்கிற? ஊருக்கே தெரிஞ்ச விசயந்தான? அப்பனைக் காட்டிக்குடுத்தவள்னு எம்முதுகுக்குப் பின்னால பேசுவீக, கல்லுல போடுறதுக்கு மட்டும் கூசுதா?

ஏம்மா, மிளகா இன்னைக்கு அரைக்க மாட்டேன். கோதுமை ஓடுதுல்ல, சப்பாத்தியெல்லாம் காந்தும். நாளைக்குக் காலையில கொண்டா. வச்சிட்டுப் போ, எடுத்துட்டுப் போ, உன் இஷ்டம்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், சிங்கம்.

எங்கய்யா சிங்கமெல்லாம் இல்ல தம்பி. ஏலக்கா திருடுனவரு. மேல எஸ்டேட்டு ஸ்டோருல காய வச்சு மூட்டை கட்டியிருப்பான்ல, அத எடுப்பாரு. எறங்கி வர்ற ஜீப்ப வளைவுல மறிச்சு எடுப்பாரு. நாலஞ்சு பேரு கூட இருப்பானுக. ஊருக்குச் செஞ்சாரா? செஞ்சாரு. உங்கப்பனுக்கு மரத்துல இருந்து விழுந்து காலு ஒடஞ்சப்போ ஆஸ்பத்திரிக்கு ஜீப்பு அனுப்புனது எங்கய்யாதான். இல்லேங்கல. ஆனா அந்த ஜீப்பு யாருதுன்னு உங்கப்பன் கேட்டானா? கேக்க மாட்டான். ஊருல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எங்க ஊருல எல்லார் வீட்டுப் பாயாசமும் மணக்கும் தம்பி. ஏலக்கா எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு நாக்கும் கேட்டதில்ல.

எங்க வீட்டுல போலீசுங்கிற வார்த்தையே கெடையாது. வாயில வந்தா எங்கம்மா ஒதட்டுலயே சுண்டும். அதுக்கு எங்க வீட்டுப் பேரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. பொம்பளப் புள்ள இருக்குற வீடு, யாரு காதுல விழுந்தாலும் சந்தேகம் வராது பாரு. எங்கய்யா மூளை அது. போலீசு ஊருக்குள்ள நொழஞ்சா நான் வெறகு பொறுக்குறேன்னு கயித்தத் தூக்கிக்கிட்டு மொட்டப்பாறைக்கு ஓடுவேன். ஏறி நின்னு, இல்லாத ஒருத்தியக் கூப்பிடுறாப்புல, "ஏ ராசாத்தீ, எங்க வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்கடீ"ன்னு கத்துவேன். மேல காட்டுக்குள்ள எங்கய்யா எங்கயோ இருப்பாரு. அதக் கேட்டா சத்தமே வராது. அப்படியே கேரளாப் பக்கம் எறங்கிருவாரு. சும்மா சோத்துக்குக் கூப்பிட்டா மட்டும் கல்லோட கல்லு தட்டுற சத்தம் வரும். ரெண்டு தட்டு. வர்றேன்னு அர்த்தம்.

சிரிக்காத. எங்க பெரியம்மா மகளுக்கு நெசமாவே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தப்ப, ஏழு வயசுல நான் நெல்லுக் குதிருக்குப் பின்னால போயி ஒளிஞ்சேன். வந்தவங்க யாருன்னு கேட்டா, "எங்கய்யாவப் புடிக்க வந்தவங்க"ங்கிறேன். எங்கம்மா அடிச்ச அடி இன்னும் தொடையில இருக்கு.

அந்த வார்த்தைதான் கடைசியில என் கல்யாணத்துலயே மண்ணப் போட்டுச்சு. எனக்குப் பதினெட்டு வயசு. சின்னமனூருல இருந்து ஒரு சம்பந்தம். தையக்கடை வச்சிருந்த பையன், மீசை நல்லா இருக்கும். அன்னைக்கு என்னையச் சீவிச் சிங்காரிச்சு உக்கார வச்சுட்டு, எங்கம்மாவே பாறைக்குப் போச்சு எங்கய்யாவக் கூப்பிட. போன மனுசி என்ன சொல்லணும்? ஏங்க, கஞ்சி ஆறுது வாங்கன்னு சொல்லியிருக்கலாம். சந்தோசத்துல என்னத்தக் கத்துச்சு தெரியுமா? "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்க!"

அவ்வளவுதான். எங்கய்யா அன்னைக்கு எடுத்த ஓட்டம், நாப்பது நாளு ஆளக் காணோம். இங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூணு மணி வரைக்கும் உக்காந்திருந்தாங்க. கேசரியத் தின்னாங்க, வாழைப்பழத்தத் தின்னாங்க. பையனோட மாமன் எந்திரிச்சு, "அப்பன் இல்லாத வீடுன்னா மொதல்லயே சொல்லியிருக்கணும்"னுட்டு வேட்டிய ஒதறிட்டுப் போயிட்டான். மீசையும் போயிருச்சு.

எங்கய்யா திரும்பி வந்து கேட்டுட்டு, விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் சொன்னாரு: "இனிமே நெசமா வந்தா, பூவோட வந்திருக்காங்கன்னு சொல்லுங்க. போலீசு பூவோட வரமாட்டான். பூவுன்னு காதுல விழுந்துச்சுன்னா எங்க இருந்தாலும் எறங்கி வந்து சபையில நிப்பேன். எம்மக மேல சத்தியம்."

இந்தா, இந்தத் தலையில கை வச்சுத்தான் சொன்னாரு. ஆசை இல்லாத மனுசன்னு நான் சொல்லல.

அதுக்கு அடுத்த வருசந்தான் தவசி செத்தது.

தவசி யாருன்னு உங்க மன்றத்துல யாருக்காவது தெரியுமா? ஸ்டோரு வாச்மேனு. அந்த ஆளும் எங்கய்யாவும் அரக்கால்சட்டை போட்ட காலத்துல இருந்து ஒண்ணா ஏலக்கா பறிச்சவங்க. எங்கய்யா காட்டுக்குப் போன பிறகும், பாறை இடுக்குல ஒரு தூக்குவாளியில சோறு வச்சிட்டுப் போற ஆளு. எஸ்டேட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். தெரிஞ்சே வைப்பாரு.

சந்தை நாளு, மத்தியானம், ஸ்டோருல யாரும் இருக்க மாட்டாங்கன்னு எங்கய்யா ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு. தவசிக்கு அன்னைக்கு இருமலு. சந்தைக்குப் போகாம உள்ளயே சாக்கு மேல படுத்திருக்காரு. எந்திரிச்சு வந்து, "டேய் சன்னாசி, வேண்டாம்டா, என் வேலை போயிரும்டா"ன்னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான் சொன்னாரு. எங்கய்யா கையில கம்பி.

இத எனக்கு யாரு சொன்னா? அவரே சொன்னாரு, எங்கம்மாகிட்ட. நான் அடுப்புக்குப் பக்கத்துல அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டிருக்கேன். "பேரச் சொல்லிட்டான் மூக்கம்மா. புதுப் பயலுக ரெண்டு பேரு நிக்கிறானுக, அவனுக முன்னால டேய் போட்டு எம்பேரச் சொல்லிட்டான், விட்டா அப்புறம் எவன் எனக்குப் பயப்படுவான். நான் என்ன பண்ண?"ங்கிறாரு. எங்கம்மா சோத்தப் போட்டுச்சு. தின்னாரு. ரெண்டாந்தரம் ரசம் கேட்டு ஊத்திக்கிட்டாரு தம்பி. கொன்னதக் கூட ஒரு மாதிரி தாங்கிக்கிட்டேன். அந்த ரெண்டாந்தர ரசத்தத்தான் என்னால தாங்க முடியல.

போலீசு யாரப் புடிச்சான் தெரியுமா? ஜீப்பு டிரைவர் மிக்கேல. அதுக்கு முந்துன வாரந்தான் தவசிக்கும் அவருக்கும் ஸ்டோரு வாசல்ல ஜீப்பு நிறுத்துறதுல வாய்ச்சண்டை. அத நாலு பேரு பாத்திருக்காங்க. போதாதா? தூக்கி உள்ள வச்சுட்டானுக. நகமெல்லாம் கறுத்துப் போற அளவுக்கு அடிச்சாங்கன்னு பேசிக்கிட்டாங்க.

மிக்கேல் பொண்டாட்டி லூர்து எங்க வீட்டுக்கு வந்துச்சு. கையில ஒரு சேவலு. எதுக்கு வந்துச்சுங்கிற? எங்கய்யாகிட்ட உதவி கேட்டு! "அக்கா, அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா எஸ்டேட்டே நடுங்கும். நெசமா கொன்னவன் யாருன்னு அண்ணனுக்குத் தெரியாம இருக்காது. அவனை வெளிய வரச் சொல்லுங்கக்கா"ன்னு எங்கம்மா காலப் புடிச்சு அழுகுது. எங்கம்மா அதுக்கு டீ போட்டுக் குடுத்துச்சு. ஏலக்கா தட்டிப் போட்ட டீ. "சொல்றேன் தாயி"ன்னுச்சு. சேவலையும் வாங்கிக் கட்டிப் போட்டுச்சு. ஞாயித்துக்கெழமை எங்கய்யா வந்தப்ப கொழம்பாச்சு. நான் திங்கல. பரமன் என் பங்கையும் சேத்துத் தின்னான். கேளு அவன்கிட்ட, ருசியா இருந்துச்சான்னு.

அன்னைக்குத்தான் நான் வாயத் தொறந்தேன். "போயி ஒத்துக்கங்கய்யா. அந்தாளு புள்ளைகுட்டிக்காரன்"னேன். எங்கய்யா எலும்பக் கடிச்சுக்கிட்டே, "நானும் புள்ளைகுட்டிக்காரன்தான்"ன்னாரு. "நீ எம்மக மாதிரி பேசு. மாப்பிள்ளை வீட்டுக்காரன் மக மாதிரி பேசாத"ன்னாரு. வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். எந்திரிச்சுப் போயி வாசல்ல கெடந்த கோழி எறக எல்லாம் பொறுக்கிக் கொண்டாந்து அவரு எலைக்கு முன்னால கொட்டுனேன். அடிச்சாரு. மொத தடவையா அடிச்சாரு.

மறுநாளு தனியா பஸ் ஏறுனேன். யாரும் எனக்குப் புத்தி சொல்லல, யாரும் கெடுக்கல. இத நல்லாக் கேட்டுக்க. போலீசு என்னைய மெரட்டுச்சு, பணம் குடுத்துச்சுன்னெல்லாம் ஊருல கத கட்டுனாங்க. ஒரு மண்ணும் இல்ல. நானாப் போயி இன்ஸ்பெக்டர் முன்னால நின்னு, "மிக்கேலு கொல்லல, எங்கய்யாதான் கொன்னாரு"ன்னேன். அவன் சிரிக்கிறான். "ஒங்கய்யன நாங்க பதிமூணு வருசமாத் தேடுறோம். கூட்டிட்டு வா, மிக்கேல விட்டுர்றேன்"ங்கிறான். வர வைக்கிறேன்னேன். எங்க வீட்டுப் பாஷையப் போலீசுக்குக் கத்துக் குடுத்தவ நாந்தான் தம்பி. பூவோடன்னா என்ன, பூ இல்லாட்டி என்னன்னு எல்லாம் சொன்னேன்.

வைகாசி மாசம், வளர்பிறை. எங்கம்மாகிட்ட, வேற ஒரு தையக்கடைக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்கன்னு ஆள்விட்டுச் சொல்ல வச்சாச்சு. வேனுல வந்து எறங்குனானுக பாரு! பட்டு வேட்டி, தாம்பாளம், தேங்கா, பழம், மல்லியப் பூப் பந்து. பொம்பளப் போலீசு ரெண்டு பேரு பட்டுச்சேலையில. அதுல ஒருத்தி தாம்பாளத்த லத்தி புடிக்கிறாப்புல புடிச்சிருக்கா. வேட்டி கட்டத் தெரிஞ்சவனுகளுக்குச் செருப்பு வாங்கத் தெரியல. வாசல்ல கழட்டி விட்டிருக்கானுக, அஞ்சு சோடி ஷூ, அஞ்சும் ஒரே பழுப்பு நெறம், ஒரே மாதிரி லேசு. எங்கம்மாவுக்கு அதெல்லாம் கண்ணுலயே படல. கேசரி கிண்டுற மும்முரத்துல இருக்கு.

நான் பாறைக்குப் போனேன். கூட ஆளு வந்தா எங்கய்யா மெரண்டுருவாருன்னு ஒருத்தரும் வரல. போனேன், கத்துனேன், எறங்கி வந்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்தாரு. எப்படி வந்தாரு தெரியுமா? எப்பவும் பின்னால ஓடை வழியா, கொல்லைப் பக்கந்தான் வருவாரு. அன்னைக்குப் பெரிய தெரு வழியா வந்தாரு. பட்டப்பகல்ல. வழியில சலூன்ல உக்காந்து சவரம் பண்ணிக்கிட்டாரு. டீக்கடையில நின்னவங்களக் கும்பிட்டாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இடுப்புல எப்பவும் இருக்குற சூரிக்கத்தி இல்ல. பொண்ணு பாக்க வந்த எடத்துக்கு எவனாவது கத்தியோட வருவானா, அதான். கூட எப்பவும் வர்ற ரெண்டு பயலுகளும் இல்ல. அதுவும் அதுக்குத்தான் இருக்கும்.

வாசல்ல வந்து நின்னு, அந்தச் செருப்பு வரிசையப் பாத்தாரு. பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் தன் டயர் செருப்பக் கழட்டி, அந்த வரிசைக் கடைசியில நேரா வச்சிட்டு உள்ள வந்தாரு.

வந்து உக்காந்து, "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீக"ங்கிறாரு. இன்ஸ்பெக்டரு மாப்பிள்ளைக்கு மாமன் வேசம். நெத்தியில தொப்பி வச்ச தடம் அப்படியே வெளேர்னு தெரியுது. அவன்கிட்ட, "மாப்பிள்ளைக்கு எந்த ஊருல கடை? மெசினு சொந்தமா?"ன்னு கேக்குறாரு. அவன் ஒளர்றான். நான் காப்பித் தட்டக் கொண்டாந்தேன். எங்கய்யா எல்லார்கிட்டயும், "இதான் எம்மக. நல்லாச் சமைக்கும். கோவம் மட்டும் கொஞ்சம் வரும், பாத்து நடந்துக்கணும்"னாரு. காப்பிய எடுத்து ஒரு வாய் குடிச்சாரு. "சக்கரை கம்மியா இருக்கு"ன்னாரு. முழுசாக் குடிச்சு முடிச்சிட்டு டம்ளரக் கீழ வச்சிட்டு, ரெண்டு கையையும் நீட்டுனாரு. வேர்த்தது போலீசுக்காரனுக்கு.

எங்கம்மா அப்பத்தான் பாத்துச்சு. கேசரிக் கரண்டியோட வந்து என்னைய அடிச்சுச்சு. இந்தா, புருவத்துல பாரு.

கோர்ட்டுல எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு. வக்கீலு வேண்டாம்னுட்டாரு. மிக்கேலு வெளிய வந்துட்டாரு. எங்கய்யாவுக்கு ஆயுள் தண்டனை, எட்டாவது வருசம் நெஞ்சு வலியில போயிட்டாரு. என்னைய ஊருல யாரும் குழாயில தண்ணி புடிக்க விடல. பரமன் என் துணிமணியத் தெருவுல எறிஞ்சான். போங்கடான்னு வந்துட்டேன். இந்த மில்லுக்கு மெசினு ரிப்பேரு பாக்க வந்த மனுசன் என்னையக் கட்டிக்கிட்டாரு, நீ யாரு மகள்னு ஒரு வார்த்தை கேக்கல. அவரும் போயி ஆறு வருசமாச்சு. நான் அழுதுக்கிட்டா உக்காந்திருக்கேன்? நான் செஞ்சது சரிதான். இன்னைக்கும் செய்வேன், நாளைக்கும் செய்வேன். எவன் வேணும்னாலும் வந்து கேக்கட்டும்.

எழுதிட்டியா? காட்டு. "மகள் அங்குத்தாயால்." எழுத்து நல்லாத்தான் இருக்கு. தவசி பேரு எங்க? "தவசியைக் கொன்றதற்காக"ன்னு மேல சேரு. சேத்தாத்தான் போடுவேன். உம், கொண்டா. இந்தா, போட்டாச்சு. பரமன்கிட்ட சொல்லு, அக்கா போட்டுட்டான்னு. எடுத்துக்கிட்டுக் கெளம்பு, எனக்கு அஞ்சு மூட்டை ஓட்டணும்.

என்ன சொன்ன? திரும்பச் சொல்லு. "பூன்னு பொய் சொன்னாலும் நல்லதுக்குத்தான சொன்னீங்க அத்தை"யா?

உக்காரு. உக்காருங்கிறேன்ல.

பொய்யா? யாரு பொய் சொன்னா? இந்த வாயில பொய் வந்து நீ பாத்தியா? அளவு கொறச்சு ஒரு கிலோ மாவு குடுத்ததில்ல நானு. அந்தப் பாறையில என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? உங்கப்பனுக்குத் தெரியுமா? பூன்னு நான் சொல்லவே இல்லடா.

ஆமா. சொல்லல. ஏறி நின்னு, "ஏ ராசாத்தீ"ன்னு கூப்பிட்டேன். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க"ன்னேன். அடுத்து பூவோடங்கணும். மல்லியப் பூவு என் தலையிலயே இருக்கு, வாசம் மூக்குல ஏறுது. வாய் வரல தம்பி. எங்கய்யா தலையில கை வச்சது ஞாபகம் வந்துருச்சு. லூர்த நெனச்சுப் பாத்தேன், மிக்கேலு நகத்த நெனச்சுப் பாத்தேன், தவசியோட தூக்குவாளிய நெனச்சேன். அப்பவும் வரல. "வந்திருக்காங்கடீ"ன்னு முடிச்சுட்டேன். போலீசு வந்திருக்கு, ஓடிருங்கய்யான்னு சொன்னேன். எங்க பாஷையில அதுக்கு அதான அர்த்தம்? மிக்கேலு தூக்குல தொங்கட்டும், எங்கய்யா பொழைக்கட்டும்னு சொன்னேன். பஸ் ஏறிப் போனவளும் நாந்தான், அதச் சொன்னவளும் நாந்தான்.

ரொம்ப நேரம் சத்தம் இல்ல. சரி, போயிட்டாருன்னு திரும்பினேன். அப்ப விழுந்துச்சு கல்லுச் சத்தம். டக்கு, டக்கு.

எறங்கி வந்து காப்பித் தட்டத் தொடச்சு வச்சேன்.

ஜெயில்ல மூணு வருசம் என்னையப் பாக்க மாட்டேன்னுட்டாரு. மாசா மாசம் போவேன், பேரு கூப்பிடுவாங்க, வரமாட்டாரு. ஒரே ஒரு தடவை வந்தாரு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னாரு. "நான் பூன்னு சொல்லலையே, ஏன்யா வந்தீக?"ன்னு கேட்டேன். மத்தவங்களுக்குக் கேட்டாக் கேக்கட்டும்னு கத்திக் கேட்டேன். என்னைய மொறைச்சுப் பாத்துட்டு, "நீ பூன்னு சொன்ன. எனக்குக் கேட்டுச்சு. வெளிய யாருகிட்டயும் மாத்திச் சொல்லிக்கிட்டுத் திரியாத"ன்னுட்டுத் திரும்பிப் போயிட்டாரு.

காது கேக்காதவரா அவரு? மூணு வளைவுக்கு அந்தப் பக்கம் வர்ற ஜீப்பு எத்தனாவது கியருல வருதுன்னு சொல்ற காது அது. எதுக்கு வந்தாருன்னு எனக்குத் தெரியாது. முழங்கால் வலியோ, ஓடி ஓடிச் சலிச்சுப்போச்சோ, என்னமோ. அத வச்சு நீ அவரச் சாமியாக்காத. தவசி மண்டைய ஒடச்ச கைதான் அது.

ஏய், அந்தக் காகிதத்த எதுக்கு எடுக்குற? "தானே முன்வந்து"ன்னு மாத்தப் போறியா? கைய எடு. எடுங்கிறேன்! கல்லுல என்ன இருக்கோ அப்படியே இருக்கட்டும். மகளால்னே இருக்கட்டும். நான் இப்பச் சொன்னத நீ கேக்கல, அவ்வளவுதான்.

ஏன்னா கேக்குற?

லூர்து உயிரோட இருக்குடா. மேல, மகன் வீட்டுல இருக்கு. மிக்கேலு வெளிய வந்த வருசத்துல இருந்து, ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் எனக்கு ஒரு டின்னு அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் வருது. பஸ்சுல குடுத்து விட்டுரும். டின்னுக்குள்ள ஒரு துண்டுச்சீட்டு. ஜெபத்துல மொதப் பேரு எம்பேருதானாம். பெத்த அப்பனக் குடுத்து எம்புருசனக் காப்பாத்துனியே தாயின்னு, எழுத்துக்கூட்டி எழுதியிருக்கும்.

வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்கலாம்ல? அனுப்பல தம்பி. முப்பத்தி மூணு டின்னு. ஒண்ணு விடாம வாங்கித் தின்னுட்டேன்.